பட்டுக்கடையில் ஒரு நாற்காலி

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க யாரும் தனியாகப் போவதில்லை. பெண், பெண்ணின் அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டு நாலு பேர், பை தூக்க ஒரு தம்பி என்று ஒரு சின்ன படையே கிளம்பும். தி.நகரில் எந்தப் பட்டு மாளிகைக்குள் இந்தப் படை நுழைந்தாலும் முதலில் கிடைப்பது என்ன? உட்கார இடம். "உட்காருங்கம்மா" என்பார்கள். அப்புறம் காபி, கூல்டிரிங்ஸ். அதற்கப்புறம்தான் "முகூர்த்தமா, நிச்சயதார்த்தமா, ரிசப்ஷனா?" என்ற கேள்வியே வரும்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலி. அந்தப் பக்கம்? அங்கே இருக்கிற பெண் காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். இரவு கடை மூடும் வரைக்கும் நிற்பாள். அவளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது எப்போது தெரியுமா? 2021-ல். ஆமாம், இரண்டாயிரத்து இருபத்தொன்று! சந்திரனில் மனிதன் இறங்கி 52 வருஷம் கழித்து.

அந்த நாற்காலி ஏன் இவ்வளவு லேட்டாக வந்தது என்பதுதான் இங்கே கதை. கதையைத் தாம்பரத்தில் ஆரம்பிப்பதுதான் சரி. ஏனென்றால் தி.நகர் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் ஏகப்பட்ட பேர் அந்தப் பக்கத்திலிருந்துதான் ரயில் ஏறுகிறார்கள்.

சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931 மே மாதம் ஓட ஆரம்பித்தது. அப்போது மீட்டர் கேஜ், சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1920-களில், மயிலாப்பூர் பெரிய ஏரி இருந்த இடத்தைத் தூர்த்து ஒரு புது நகர் உருவானது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பேரில் அதற்குத் தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்த நகரில் 1928-ல் காஞ்சிபுரத்துக்காரரான நல்லி சின்னசாமி செட்டியார் ஒரு சின்னக் கடை போட்டார். இன்று பனகல் பார்க் பக்கத்தில் நிற்கும் நல்லி சில்க்ஸின் ஆரம்பம் அது.

அதே 1928-ல் இன்னொன்றும் நடந்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் திறந்தார். காற்றோட்டமான இடம், மரங்கள், ஊரை விட்டுத் தள்ளி. அந்த ஆஸ்பத்திரி பேர்தான் இன்றைக்கும் ஸ்டேஷன் பேர், "தாம்பரம் சானடோரியம்". பட்டுக்கடைக்கும் காசநோய் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. சம்பந்தம் அப்போது இல்லை. 56 வருஷம் கழித்து வந்தது. அதற்கு வருவோம்.

முதலில் அந்தக் காலத்து ஜவுளிக்கடையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கற்பனை கூட வேண்டாம், காஞ்சிபுரத்தில் சில பழைய கடைகளிலும் நெசவாளர் வீடுகளிலும் இப்போதும் பார்க்கலாம். செருப்பை வாசலில் விட வேண்டும். உள்ளே தரையில் பாயோ மெத்தையோ போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம் சம்மணம் போட்டு உட்காருவார்கள். விற்பவரும் எதிரே உட்காருவார். நடுவில் புடவை விரியும். ஒரு புடவையைப் பிரித்து முந்தியைக் காட்ட அவர் எழுந்திருக்கத் தேவையில்லை, உட்கார்ந்தபடியே ஒரு வீசு வீசினால் போதும். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பையன் இருப்பான். அவன் மட்டும்தான் நிற்பான்.

அதாவது, விற்பவனும் வாங்குபவனும் ஒரே உயரத்தில் இருந்த கடை அது. நெசவாளியும் உட்கார்ந்துதான் வேலை செய்தான். காஞ்சிபுரத்துத் தறி பெரும்பாலும் குழித்தறி, தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். புடவை பிறந்த இடத்திலும் உட்கார்ந்தார்கள், விற்ற இடத்திலும் உட்கார்ந்தார்கள். (நெசவாளி வாழ்க்கை சுகமாக இருந்தது என்று சொல்லவில்லை. கோர்வை போட இரண்டு கை போதாமல் பக்கத்தில் உட்கார வைத்த சின்னப் பிள்ளைகளின் கதை தனிக் கதை.)

அப்படியென்றால் எப்போது எழுந்து நின்றார்கள்?

ஒரே நாளில் இல்லை. கவுண்டரும் கண்ணாடி ஷோகேஸும் முதலில் மவுண்ட் ரோடு ஐரோப்பியக் கடைகளின் பாணி. மெல்ல மெல்ல அது ஜவுளிக்கடைக்கும் வந்தது. அப்புறம் இடத்தின் விலை. மெத்தை போட்ட கடையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து புடவை பார்க்க ஒரு ரூம் அளவு தரை வேண்டும். கவுண்டர் போட்டால் அதே தரையில் நாலு குடும்பத்தைக் கவனிக்கலாம். சுவர் முழுக்க சரக்கை உச்சி வரைக்கும் அடுக்கலாம். காமர்ஸ் படிக்கிற யாரும் இதைக் குறை சொல்ல முடியாது, சதுர அடிக்கு எவ்வளவு விற்பனை என்பதுதானே ரீடெயிலின் முதல் பாடம்! தி.நகரில் வாடகை ஏற ஏற, கடைகள் மாடி மேல் மாடியாக உயர உயர, மெத்தை காணாமல் போனது. வாங்குபவருக்கு மெத்தைக்குப் பதில் நாற்காலி வந்தது. விற்பவருக்கு எதுவும் வரவில்லை. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த கொடுமை இல்லை இது. ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போனதுதான் இதில் விசேஷம்.

தோன்றாததற்கு நம் பேச்சு வழக்கிலேயே ஒரு தடயம் இருக்கிறது. "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "ஜவுளிக்கடையில வேலைக்கு நிக்கிறான்" என்பார்கள். வேலைக்கு நிற்பது. முதலாளியைப் பற்றிச் சொல்லும்போது? "கல்லாவுல உட்கார்ந்திருக்கார்." வேலை பார்க்காமல் சொத்தைக் கரைப்பவனை "உட்கார்ந்து சாப்பிடறான்" என்பார்கள். நிற்பது என்றால் வேலை, உட்காருவது என்றால் ஒன்று முதலாளித்தனம், இல்லையென்றால் சோம்பேறித்தனம். இப்படி ஒரு பாஷை பேசுகிற ஊரில் வேலை நேரத்தில் நாற்காலி கேட்டால் என்ன பதில் வரும்? "உட்காரவா சம்பளம் கொடுக்கறோம்?"

அடுத்து, யார் நின்றார்கள் என்பது. மெத்தைக் கடையில் விற்றவர்கள் அநேகமாக ஆண்கள். பெரிய கடைகள் வந்தபோது பெண்கள் ஏராளமாக வந்தார்கள். புடவையைத் தோளில் போட்டுக் காட்ட, "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று சொல்ல, பெண்தான் சரி என்று கடைகளுக்குத் தெரிந்தது. சம்பளமும் குறைவு என்பதும் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய போத்தீஸும் திருநெல்வேலியில் தொடங்கிய ஆரெம்கேவியும் தி.நகர் வந்தன. உஸ்மான் ரோடும் ரங்கநாதன் தெருவும் தென் மாவட்டத்து வியாபாரிகளால் நிறைந்தன. கடைகளோடு வேலை செய்யும் ஆட்களும் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்தார்கள். கடையே தங்க இடம் கொடுக்கும், சாப்பாடு போடும். ஊரில் மழை இல்லை, பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பெண்ணுக்கு அது ஒரு வழி. 2010-ல் வசந்தபாலன் எடுத்த "அங்காடித் தெரு" படம் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. படம் பார்த்துவிட்டு எல்லோரும் உருகினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ரங்கநாதன் தெருவில்தான் எல்லோரும் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஹாஸ்டலில் தங்காமல் வீட்டிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு பெரிய கூட்டம். இவர்களுக்குத்தான் அந்த 1931 ரயில். தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று போய், பத்தாவது ஸ்டேஷனில் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசல். பஸ் மாற வேண்டாம், சீசன் டிக்கெட் சல்லிசு. முடிச்சூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் வாடகை கொஞ்சம் கம்மியான வீட்டில் இருந்துகொண்டு தி.நகரில் வேலை பார்க்க முடிவதற்கு அந்தத் தண்டவாளம்தான் காரணம். ஆனால் காலை நேரத்து லேடீஸ் கம்பார்ட்மென்ட் எப்படி இருக்கும் என்று தெரியும் இல்லையா? அங்கேயும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, ராத்திரி ரயிலிலும் நின்று, வீட்டுக்குப் போய் அடுப்படியிலும் நிற்க வேண்டும்.

நின்றால் என்ன ஆகும்? கால் வீங்கும். வருஷக் கணக்கில் நின்றால் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கும். இடுப்பு வலி, குதிகால் வலி. இதோடு இன்னொன்று: பல கடைகளில் கழிப்பறை ஒரு மாடியில் இருக்கும், வேலை இன்னொரு மாடியில். அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிடுவார்கள், அப்புறம் நீர்க்கடுப்பும் கல்லும். கல்யாண சீசனில் நிலைமை இன்னும் மோசம். ஒரு குடும்பம் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து போகும். அந்த நாற்பதையும் மடிப்பு மாறாமல் மடித்து அடுக்க வேண்டும், அதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்துவிடும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதமாவது ஓய்வு கிடைக்குமா என்றால், கல்யாண வியாபாரம் இல்லாத மாதம் என்பதற்காகத்தானே "ஆடித் தள்ளுபடி" வைத்திருக்கிறார்கள்! ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தம், அப்புறம் தீபாவளி. ஊர் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு விற்கிற பெண் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக முடிவதில்லை, முகூர்த்த நாளை ஒட்டித்தானே கடையில் கூட்டம்.

இப்போது அந்த சானடோரியத்துக்குத் திரும்பி வருவோம்.

1984-ல் மத்திய அரசு தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, சுமார் 260 ஏக்கரில் ஒரு ஏற்றுமதி வளாகம் ஆரம்பித்தது. மெட்ராஸ் எக்ஸ்போர்ட் பிராசஸிங் ஜோன், சுருக்கமாக "மெப்ஸ்". உலகத்தில் இந்த மாதிரி வளாகங்களுக்கு முன்மாதிரி 1959-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் வந்தது என்பார்கள். இந்தியாவில் முதலாவது 1965-ல் குஜராத்தின் காண்ட்லா. வேலி போட்ட இடம், சுங்க வரி விஷயத்தில் கிட்டத்தட்ட வெளிநாடு மாதிரி. துணியை வரியில்லாமல் இறக்கி, தைத்து, ஏற்றி அனுப்பலாம். 2003-ல் இது சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. எலக்ட்ரானிக்ஸ், சாஃப்ட்வேர் எல்லாம் உள்ளே உண்டு. ஆனாலும் ஷிப்ட் விடும் நேரத்தில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்று பார்த்தால், டிபன் பாக்ஸும் கூடையுமாக வருகிற கூட்டத்தில் ரெடிமேட் கம்பெனிப் பெண்கள் எத்தனை பேர் என்று புரியும்.

ஆக ஒரே ரயில் பாதையில் இரண்டு வகைப் பெண்கள். சானடோரியத்தில் இறங்குகிறவள் வெளிநாட்டுக்காரனுக்குச் சட்டை தைக்கிறாள். மாம்பலத்தில் இறங்குகிறவள் உள்ளூர்க் கல்யாணத்துக்குப் புடவை விற்கிறாள். முதலாமவள் உட்கார்ந்து வேலை செய்கிறாள், இரண்டாமவள் நின்று.

தையல்காரிக்கு நாற்காலி இருப்பது மிஷின் அப்படி என்பதால்தானே என்று நினைக்கலாம். அதுவும் சரிதான். ஆனால் அதே கம்பெனியில் நின்று வேலை செய்கிறவர்களும் உண்டு. செக்கிங், பிசிறு வெட்டுவது, அயர்ன், பேக்கிங். அவர்களுக்கும் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் சொன்னது. எந்தச் சட்டம்? 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 44. நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிற எல்லாத் தொழிலாளிக்கும், வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து பழைய சட்டம் போன பிறகும், இந்த இருக்கை விஷயத்தைப் புதிய தொகுப்பிலும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், 1948! அதற்கு முந்தின வருஷம்தான், 1947-ல், சென்னை மாகாணம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. 4 மணி நேர வேலைக்கு அப்புறம் 1 மணி நேர இடைவேளை. வாரம் ஒரு நாள் லீவு. எல்லாம் இருந்தது, நாற்காலி மட்டும் இல்லை. ஒரே காலகட்டத்தில் எழுதப்பட்ட இரண்டு சட்டங்கள், ஒன்றுக்குத் தோன்றியது இன்னொன்றுக்குத் தோன்றவில்லை. ஏன்? 1947-ல் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்த கடை ஒருவேளை அந்த மெத்தைக் கடைதானோ என்னவோ. உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதற்குச் சட்டம் போட்டு நாற்காலி? சட்டம் எழுதி முடித்து மை காய்ந்தது, கடை எழுந்து நின்றுவிட்டது, சட்டம் மட்டும் அங்கேயே இருந்தது. இது ஊகம்தான். ஆனால் இதைவிடப் பொருத்தமான காரணம் தேடினால் அகப்படுவது கஷ்டம்.

வெளிநாட்டில் மட்டும் வேறு மாதிரியா? இங்கிலாந்தில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் பெருகி, கறுப்பு கவுன் போட்ட பெண்கள் நாள் முழுக்க கவுண்டரில் நிற்பதைப் பற்றி டாக்டர்கள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். 1899-ல் பார்லிமென்ட் ஒரு தனிச் சட்டமே போட்டது. கடையில் வேலை செய்கிற மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும். மூன்று பேருக்கு ஒன்று! கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனம்தான். ஆண்களுக்கு அதுவும் கிடையாது. இருந்தாலும் 1899 என்பது 1899. அந்தச் சட்டம் வந்தபோது சென்னையை ஆண்டதும் அதே இங்கிலாந்துதான். கோட்டும் கவுண்டரும் கப்பலேறி வந்தன, நாற்காலி வரவில்லை.

உட்கார்ந்து தைக்கிற பெண்ணின் பாடும் சொகுசு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல், மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், லைன் முழுக்க சூப்பர்வைசர் சத்தம். குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் போகும். 1974 முதல் உலக ஆடை வியாபாரத்தைக் கோட்டா முறை ஒன்று கட்டிப்போட்டிருந்தது. எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று அளவு. 2005 ஜனவரி 1-ல் அந்தக் கோட்டா போனது. அதற்கப்புறம் பங்களாதேஷோடும் சீனாவோடும் நேருக்கு நேர் போட்டி, டார்கெட் இன்னும் ஏறியது. சம்பளம் ஏறியதா? தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2004-க்கு அப்புறம் 2014 டிசம்பரில்தான் உயர்த்தி அறிவித்தது. உற்பத்தியாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. பத்து வருஷம் காத்திருந்து, அறிவிப்பு வந்தும் ஒன்றரை வருஷம் காத்திருந்து கிடைத்த உயர்வு.

இருந்தாலும் தொழிற்சாலைப் பெண்ணிடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை என்றால் இன்ஸ்பெக்டர் வருவார், வெளிநாட்டு பையர் ஆடிட் வைப்பார், யூனியன் என்ற வார்த்தை யாருக்கும் புதிதில்லை. கடைப் பெண்ணுக்கு இதில் எதுவுமே இல்லை. அவளுக்கு நாற்காலி வந்த வழியைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அது சென்னையிலிருந்து வரவில்லை, கோழிக்கோட்டிலிருந்து வந்தது. அதுவும் ஒரு தையல்காரியால்.

பி. விஜி என்பவர் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்தவர். மிட்டாய்த் தெரு என்றால் அந்த ஊர் ரங்கநாதன் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. 2009 வாக்கில் "பெண்கூட்டு" என்ற அமைப்பை ஆரம்பித்து முதலில் கேட்டது கழிப்பறைதான். அதற்கப்புறம்தான் நாற்காலி. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையில் உட்காரும் உரிமை கேட்ட பெண்கள் சிலரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர்கள் கடை வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 100 நாளுக்கு மேல்! "இரிக்கல் சமரம்" என்று மலையாளத்தில் பேர். உட்காருவதற்காக, உட்கார்ந்து, ஒரு போராட்டம். 2018 ஜூலையில் கேரள அமைச்சரவை சட்டத்தைத் திருத்த முடிவெடுத்தது, அதே வருஷம் அக்டோபரில் அவசரச் சட்டமாக அமலுக்கு வந்தது. பி.பி.சி. அந்த வருஷம் வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பேர் இருந்தது.

அடுத்த வருஷம், 2019 செப்டம்பரில், தமிழ்நாட்டில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதைப் பரிந்துரைத்தது. (அதே 2019-ல்தான் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற ஆணையும் வந்தது. கடை தூங்காமல் இருக்க அனுமதி முதலில், ஆள் உட்கார அனுமதி அப்புறம்.) 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டசபையில் மசோதா வைத்தார். அதே மாதம் நிறைவேறியது. 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு. எல்லாக் கடையிலும், எல்லா ஊழியருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். வாசகத்தைப் படித்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவு 44-ன் வாசகத்துக்கு அவ்வளவு நெருக்கம்! 73 வருஷத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து மாம்பலம் வந்து சேர்ந்த வாசகம்.

சட்டம் வந்துவிட்டது, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா? சில கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் வந்திருக்கிறது. சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் புடவைக் கட்டு இருக்கிறது. பிரச்சினை அந்த "வாய்ப்பு கிடைக்கும்போது" என்ற சொல்லில்தான். வாய்ப்பு கிடைத்தது என்று முடிவு செய்வது யார்? கஸ்டமர் இல்லாத நேரம்தான் வாய்ப்பு என்றால், கஸ்டமர் இல்லாத நேரத்தில் மடிக்கச் சொல்வார்கள், தூசி தட்டச் சொல்வார்கள், வாசலைப் பார்த்து நின்று "வாங்கம்மா" சொல்லச் சொல்வார்கள். தலைக்கு மேல் கேமரா வேறு. உட்கார்ந்தது பதிவாகும், எத்தனை மணி நேரம் நின்றது என்று யாரும் கேட்டு எடுத்துப் பார்க்க மாட்டார்கள். இங்கிலாந்துச் சட்டம் கஞ்சத்தனமாக இருந்தாலும் "மூன்று பேருக்கு ஒன்று" என்று எண்ணிக்கை சொன்னது, இன்ஸ்பெக்டர் போய் எண்ணிப் பார்க்கலாம். இங்கே "வசதி" என்று மட்டும் இருக்கிறது. எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றை எப்படிச் சரிபார்ப்பது?

இன்னொரு தடை வாங்குகிறவர்கள். சேல்ஸ்கேர்ள் உட்கார்ந்தபடி புடவை காட்டினால், கடையில் மரியாதை இல்லை என்று முதலாளியிடம் புகார் சொல்கிற பெரியம்மாக்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. அவர்களுடைய பாட்டி மெத்தைக் கடையில், உட்கார்ந்திருந்த ஆளிடம்தான் கல்யாணப் பட்டு வாங்கினாள் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது.

இதற்கிடையில் கல்யாணத் தொழிலின் ஒரு பகுதி சத்தமில்லாமல் தி.நகரை விட்டே புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டை, எந்தத் தெருவுக்குள் போனாலும் "ஆரி ஒர்க் செய்து தரப்படும்", "பிரைடல் மேக்கப்", "பிரைடல் மெஹந்தி" என்று ஒரு வீட்டு கேட்டில் போர்டு தொங்கும். மரச் சட்டத்தில் பிளவுஸ் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோர்க்கிற வேலை ஆரி. ஒரு கல்யாண பிளவுஸ் முடிக்க நாள் கணக்கில் ஆகும், கூலி ஆயிரங்களில். தி.நகரில் சில வருஷம் நின்றுவிட்டு, கல்யாணமாகி, குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்களில் எத்தனையோ பேர் கோர்ஸ் முடித்துவிட்டு இதில் இறங்குகிறார்கள். காலம் காலமாக நின்றவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள், பழைய கடைக்காரர் மாதிரி தரையிலேயே.

ஆனால் வீட்டு ஹாலில் நடக்கிற இந்த வேலைக்கு 1948 சட்டமும் எட்டாது, 2021 திருத்தமும் எட்டாது. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் சில உதவிகள் உண்டு. அதைத் தாண்டி வேலை நேரம் என்று ஒன்றை யார் குறிப்பது? நாளைக்குக் காலை முகூர்த்தம், பிளவுஸ் இன்னும் முடியவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ட்யூப்லைட் எரியும். வெளியே கடைசி ரயில் போயிருக்கும். காலை நாலு மணிக்கு முதல் ரயில் கிளம்பும் நேரத்தில் அவள் சட்டத்திலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். மரத்துப்போன காலை நீட்டி எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.